நாடாவைத் தூக்கிப் பிடித்தவர்

"உயிராபத்து. உள்ளே செல்லத் தடை" என்று ஜேர்மன் மொழியில், பெரிய சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த பலகையை, "கவனமாய்ப் போகட்டாம்" என்று நான் ஏன் வாசித்துச் சொன்னேன்? மூன்று வருடங்களாக இதை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் இந்த நாட்டில் முதலாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் போனவள். ஆய்வுகூட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தவள். எங்கள் ஆட்களுக்கு வருகிற அரசாங்கக் கடிதங்களில் பாதியை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அந்த ஒரு பலகையைத் தவிர.

விடை தெரியாவிட்டாலும், விடைக்குப் பக்கத்தில் நின்ற ஆளைத் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் அதைப் பார்த்துச் சந்தோசப்படுவார், அந்தச் சந்தோசத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. பயமும் இருக்கிறது.

ஜேர்மனியில், பீலெஃபெல்டில் நாங்கள் அவரை ஸ்கொட்லாந்து அக்கா என்போம். எட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். அந்த எட்டு வருடத்தை அவர் ஒரு பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி. உள்ளே அவர்கள் மூன்று மணித்தியாலம் படிக்க, தாய்மார் நாங்கள் கீழே விறாந்தையில் இருப்போம். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது, இருந்தால் நேரம் போகாது. போத்தலில் தேத்தண்ணி, பெட்டியில் ரோல்ஸ், ஆருடைய மகளுக்கு எந்த ஊரில் கலியாணம் என்ற கதை. அப்படி ஒரு சனிக்கிழமைதான் செம்மஞ்சள் மழைச்சட்டையோடு அவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். அவருக்கு அங்கே பிள்ளை இல்லை. தங்கையின் மகனைக் கொண்டுவந்து விட வந்தவர்.

"மூண்டு மணித்தியாலம் இதுக்குள்ள குந்தியிருந்து என்ன செய்யிறியள்? பின்னால காடு கிடக்கு. எழும்பி வாங்கோ, ஓடுவம்."

"ஓடுறதோ? ஏன், ஆர் கலைக்கினம்?" என்று கலாக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

கலாக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை, இரண்டு முழங்காலிலும் நோ. ஜேர்மன் கதைப்பார், வாசிக்க மாட்டார். வருகிற கடிதம் ஒவ்வொன்றையும் உடைக்காமலே என்னிடம் கொண்டுவருவார். "நீர் உடையும் பிள்ளை, நீர் உடைச்சா நல்ல சேதியா இருக்கும்" என்பார்.

முதலில் எழும்பியவள் நான்தான். மூத்தவன் உள்ளே வகுப்பில் இருந்தான், மகள் பிறந்து ஏழு மாதமாகியிருந்தது. அவள் நித்திரையில் மூச்சு விடுகிறாளா என்று ஒரு மணித்தியாலத்துக்கு நாலு தரம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பாலின் சூட்டை இரண்டு வெப்பமானியால் அளப்பேன். இரண்டும் ஒரே இலக்கம் காட்டினால், இரண்டுமே பழுதாக இருக்குமோ என்று யோசிப்பேன். மருத்துவிச்சி "வெளியே போ, ஓடு, வியர்வை வரட்டும்" என்று சொல்லியிருந்தாள். கணவர் ஓட்டத்துக்கென்றே செய்த மூன்று சில்லுத் தள்ளுவண்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அது மாதக்கணக்காக நிலவறையில் நின்றது.

அந்த முதல் ஓட்டத்தில் நான் பல மாதங்களுக்குப் பிறகு மூச்சை முழுதாக இழுத்தேன். இதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லியும் இருக்கிறேன். காதில் விழுந்ததோ தெரியாது. அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஓட்டத்தில் இரண்டே சட்டங்கள். ஒன்று, வியூ இருக்க வேண்டும். "வியூ இல்லாட்டி அது ஓட்டமில்லை, கக்கூசுக்குப் போற அவசரம்" என்பார். மற்றது, திரும்பிப் பார்க்கக் கூடாது. "பின்னால பாத்தா முன்னால கிடக்கிற வியூ போயிடும்."

இரண்டாவது சட்டத்தை அவர் மாதிரிக் கடைப்பிடித்தவரை நான் கண்டதில்லை. ஐந்து பேரோடு புறப்படுவார், மூன்று பேரோடு முடிப்பார், வித்தியாசம் தெரியாது. ஒருநாள் கலாக்கா சந்தியில் பிழையாகத் திரும்பி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வர, அவர் பஸ் தரிப்பில் இருந்து கை காட்டினார். ஸ்கொட்லாந்து அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார், "ஓ, நீரும் வந்தனீரோ இண்டைக்கு?"

கலாக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊரின் முதுகில் நீளும் மலைத்தொடரை அவர் மலை என்று ஒப்புக்கொண்டதே இல்லை. "உதோ மலை? வீடு கட்டேக்க கொட்டின மண்மேடு." ரைன் நதி அவருக்கு வாய்க்கால். ஆல்ப்ஸ் மலை கொஞ்சம் பரவாயில்லையாம், ஆனால் சனம் கூடவாம். ஒருமுறை ஒரு சாமத்திய வீட்டில், மேடையில் பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கும்போது, அவர் மண்டபத்தின் பின் யன்னலடியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தாய் போய், "என்னக்கா, சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார். "கார் நிப்பாட்டுற இடம்தான் தெரியுது. இதுக்கு ஏன் யன்னல் வைச்சவங்கள்?" என்றார் இவர். அந்தத் தாய் மூன்று மாதம் தேடி எடுத்த மண்டபம் அது.

ஆனால் அவர் சொன்ன பாதைகள் வடிவானவை. அதை மறுத்தால் பொய் சொன்னவளாவேன். ஓடும்போதே மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு போவார். ரயில் ஓடாமல் விட்ட பழைய தண்டவாளப் பாதை ஒன்று, தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள், இரண்டு பக்கமும் பேர்ச் மரம், நடுவில் உயரமான கல்லுப்பாலம், கீழே தேத்தண்ணி நிறத்தில் ஆறு. ஏரியைச் சுற்றி ஒரு பாதை, தண்ணீர் சப்பாத்து நுனிவரை வந்து தட்டும், எதிரே தலை மொட்டையான மலை, அதன் நிழல் தண்ணீரில் தலைகீழாக. கடலோரமாக ஒரு மீன்பிடி ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பாறை விளிம்பால் போகிற ஒற்றையடிப் பாதை. வழி முழுக்க மஞ்சள் பூப் பற்றைகள். "முள்ளுப் பற்றைதான். ஆனா வெயில் பட்டா தேங்காய்ப்பூ மணக்கும் பிள்ளை. ஆரோ பக்கத்தில புட்டு அவிக்கினம் எண்டு நினைப்பீர்" என்பார்.

பிள்ளைக்குத் துணி மாற்றும்போது எனக்கு அந்தத் தேங்காய் மணம் வரும். நான் காணாத நாட்டின் மணம். அதற்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஒருவரை வெறுத்துக்கொண்டே அவர் சொல்லும் இடங்களை விரும்பலாம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

எனக்கு அவர் ஒரு பட்டம் வைத்திருந்தார்: டெர்மின் பிள்ளை. டெர்மின் என்றால் ஜேர்மனில் குறித்த நாள், நேரம். நான் தடுப்பூசிக்கும் பல்லுக்கும் கார்ச் சோதனைக்கும் நாள் குறித்து வைத்து வாழ்கிறவளாம். "டெர்மின் பிள்ளை, மழை வருதோ எண்டு உம்மட ஃபோனிட்டக் கேட்டுச் சொல்லும்." "டெர்மின் பிள்ளை, பிள்ளை அழுறதுக்கு நேரம் குறிச்சிருக்கிறீரோ?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, மழை பற்றிச் சொன்னது பிழையோ என்று திரும்பப் பார்ப்பேன்.

அந்த வருடம் மலையில் ஊசியிலை மரங்கள் பட்டை வண்டு அரித்து நின்றபடியே செத்துக்கொண்டிருந்தன. பச்சை போய், சிவந்து, பிறகு சாம்பல் நிறமாகி, வெறும் கம்பங்களாக நின்றன. பாதைகளைத் துண்டு துண்டாகப் பூட்டினார்கள். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஈரம், பனிப்புகார். மூன்று பேர்தான் வந்தோம்: அவர், நான், கலாக்கா. தள்ளுவண்டியில் மகள், அப்போது பத்து மாதம், நல்ல நித்திரை.

பாதைக்குக் குறுக்கே இரண்டு மரங்களுக்கு நடுவில் சிவப்பு வெள்ளை நாடா. பக்கத்தில் அந்தப் பலகை.

"அக்கா, பூட்டியிருக்கு," என்றேன்.

"ஆர் பூட்டினது?"

"வன இலாகா."

"அங்க எண்டா காணி ஆற்றையா இருந்தாலும் நடக்கலாம் பிள்ளை. பிரபுமாரின்ர காணிக்குள்ளாலையும் ஓடினனான். ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை. கேற்றைத் திறந்தா, இருந்தமாதிரியே மூடிப்போட்டுப் போகவேணும். அது ஒண்டுதான் சட்டம்."

சொல்லிக்கொண்டே நாடாவை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், கோயில் வாசலில் திரைச்சீலையைப் பிடிக்கிறமாதிரி. மேலே ஒரு முனை இருக்கிறது, பனிப்புகார் விலகினால் முழுப் பள்ளத்தாக்கும் தெரியும், இன்னும் பத்து நிமிடத்தில் விலகும் என்றார்.

கலாக்கா என்னைப் பார்த்தார். "பிள்ளை, என்ன எழுதிக் கிடக்கு?"

"என்னத்தை எழுதுவாங்கள்," என்று மற்றவர் முந்திக்கொண்டார். "ஜேர்மன்காரன் குப்பை வாளிக்கும் போர்ட் எழுதித் தூக்குவான். டெர்மின் பிள்ளைக்குப் பயம்."

கலாக்கா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டிவிட்டுப் பார்க்கிற அதே பார்வை.

"கவனமாய்ப் போகட்டாம் அக்கா," என்றேன்.

கலாக்கா குனிந்து உள்ளே போனார். நான் தள்ளுவண்டியை, என் பிள்ளை படுத்திருந்த தள்ளுவண்டியை, நாடாவுக்குக் கீழால் தள்ளினேன். ஸ்கொட்லாந்து அக்கா கடைசியாக வந்து, நாடாவை இழுத்துச் சரிபார்த்து, இருந்தமாதிரியே விட்டார். பிறகு எங்களைத் தாண்டி முன்னால் ஓடினார்.

முந்நூறு மீற்றர் போயிருப்போம். மேலே ஒரு பழைய கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. கால்தான் விரைந்தது. எனக்குப் பின்னால், தள்ளுவண்டி இப்போதுதான் தாண்டிய இடத்தில், ஒரு மரத்தின் மேல் பாதி வந்து விழுந்தது. நிலம் காலுக்குக் கீழே துள்ளியது. திரும்பினேன். பாதையில் கலாக்கா இல்லை. கொஞ்சம் பொறுத்து மரத்துக்கு அந்தப் பக்கம் சரிவிலிருந்து, "பிள்ளை, நான் இஞ்ச" என்ற குரல் வந்தது. பாய்ந்து விலகும்போது விழுந்து, வலது கையை ஊன்றியிருந்தார். மணிக்கட்டு பார்க்கக் கூடாத ஒரு கோணத்தில் நின்றது. தள்ளுவண்டியின் கூரைத் துணியில் காய்ந்த ஊசியிலைகள் ஒரு பிடி கொட்டிக் கிடந்தன. மகள் எழும்பவில்லை. மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பழக்கத்தை ஒருவரும் பகிடி பண்ணியிருக்க முடியாது.

"அக்கா!" என்று கத்தினேன். மூன்று தரம். செம்மஞ்சள் சட்டை மேலே வளைவில் தெரிந்தது. திரும்பவில்லை. அப்படியே மேலே போய், முனையில் நின்று, ஃபோனைத் தூக்கிப் பனிப்புகாருக்கு நேரே பிடித்தது.

இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தார். "என்ன, இதில இருந்து கதைக்கிறியளோ? ஒரு நிமிசம் விலகினது. ஒரே ஒரு நிமிசம்! தவறவிட்டிட்டியள்." பிறகுதான் மரத்தைக் கண்டார். "ஓ, விழுந்திட்டுதோ. சரி, அங்கால ஒரு பாதை இருக்கு, அதால இறங்குவம். இதைவிட வடிவு."

கலாக்காவின் கையைப் பார்த்துவிட்டு, "வேர் தடுக்கினதோ?" என்றார். கலாக்கா நோவோடு யோசித்து, "ஓம், வேராத்தான் இருக்கும்," என்றார்.

வைத்தியசாலைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். கலாக்கா தமிழில், "காட்டில வேர் தடுக்கி விழுந்திட்டன் எண்டு சொல்லும் பிள்ளை," என்றார். சொன்னேன். சொல்லுக்குச் சொல், வேற்றுமை உருபு ஒன்றும் பிழைக்காமல். ஆறு கிழமை மாவுக்கட்டு. வேலையிடத்துப் படிவத்தையும் அவருக்காக நானே நிரப்பினேன். வீட்டில் கணவரிடம், கலாக்கா விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். "நல்லகாலம், நீர் பக்கத்தில இருந்தனீர்," என்றார் அவர். தள்ளுவண்டிக் கூரையை நான் அதற்கு முன்பே கழுவிக் காயப்போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஓடப் போகவில்லை. பிள்ளைக்குத் தடிமன் என்றேன், பிறகு எனக்கு என்றேன். ஒருநாள் பள்ளி வாசலில் ஸ்கொட்லாந்து அக்கா என்னைப் பிடித்தார். கலாக்காவின் கையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரை வந்துவிட்டது. "உம்மட ஃபோனில அண்டைக்கு எடுத்த போட்டோ ஏதும் இருக்கோ? என்ர கலங்கிப்போச்சு," என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். 

அடுத்த வருடம் அவர் திரும்பவும் ஸ்கொட்லாந்துக்கே போனார். தாய்மார் சேர்ந்து, மலையில் எல்லோரும் நிற்கும் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். "பின்னால வியூ வடிவா வந்திருக்கு," என்றார்.

இதெல்லாம் முடிந்த கதை என்றால் எழுத வந்திருக்க மாட்டேன். இப்போது வடக்கே ஏதோ மலையடிவாரத்தில், ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறார். பள்ளித் தாய்மாரின் குழுவுக்கு நாள்தோறும் படம் வருகிறது. ஏரி, மலை, செம்மறி. ஒரு படத்திலும் ஆள் இல்லை. இந்தக் கோடையில் ஒரு கிழமை வரச்சொல்லி அழைத்திருக்கிறார். ஆறு பேர் போகிறார்கள், இரண்டு பேர் தள்ளுவண்டியோடு. முதலில் பெயர் கொடுத்தவர் கலாக்கா. "தேங்காய் மணக்கிற பத்தையைப் பாக்காமல் சாகமாட்டன்," என்று குழுவில் எழுதினார். அந்தப் பூ வசந்தத்தில்தான் நிறையப் பூக்குமாம், கோடையில் அங்கொன்று இங்கொன்றுதானாம். அதை ஸ்கொட்லாந்து அக்கா அவருக்குச் சொல்லவில்லை.

போன கிழமை அவர் ஓடப்போகும் பாதைகளை அனுப்பினார். அதில் ஒன்றுக்குக் கீழே, வழியின் தொடக்கத்தில் நிற்கும் அறிவித்தலைப் படமெடுத்துப் போட்டிருந்தார். ஆங்கிலம். அதன் கீழே அவருடைய குரல்பதிவு: "உது ஒண்டுமில்லை. சும்மா எழுதி வைச்சிருக்கிறாங்கள்." கலாக்கா அந்தப் படத்தைத் தனியாக எனக்கு அனுப்பினார். "பிள்ளை, உதில என்ன எழுதிக் கிடக்கு?"

இந்த முறை நான் ஒரு சொல்லும் விடவில்லை. மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்துவிட்டது, ஆற்றுக்கு மேலே விளிம்பு உறுதியில்லை, வேறு வழியால் போகவும் என்று முழுதாகத் தமிழில் எழுதி அனுப்பினேன். போக வேண்டாம் அக்கா என்றும் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. பெரிய சிரிப்புப் படமும் போட்டிருந்தார்.

"அண்டைக்கும் போர்ட் இருந்ததுதானே பிள்ளை. நீர் வாசிச்சனீர், கவனமாய்ப் போகட்டாம் எண்டனீர், போனம். மரம் எங்கையும் விழும். நான் என்ர விசர் வேரில தடுக்கினதைத் தவிர ஒண்டும் நடக்கேல்லை. போர்டுகள் எல்லா இடமும் அப்பிடித்தான். நீர் பயப்பிடாதையும்."

நான் அந்தப் பலகையை உண்மையாக வாசித்துக் காட்டினால் மட்டுமே அவர் இந்த அறிவித்தலை நம்புவார். வாசித்தால், அவருடைய கையை முறித்தது வேர் இல்லை, என் வாசிப்புத்தான் என்று அவருக்குத் தெரியவரும். பத்து மாதப் பிள்ளையை நாடாவுக்குக் கீழால் தள்ளியது என் கணவருக்குத் தெரியவரும். இனி ஒருவரும் கடிதத்தை உடைக்காமல் என்னிடம் கொண்டுவர மாட்டார்கள். அது நியாயம்தான் என்றும் தோன்றுகிறது. மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கதை "ஸ்கொட்லாந்து அக்கா நாடாவைத் தூக்கிப் பிடித்தார்" என்று தொடங்குகிறது. தொடங்கும்போதே தெரிகிறது, கலாக்கா கேட்டது அவரிடம் இல்லை.

அவர்கள் புறப்பட இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதை வாசிக்கிறவர்களில், நம்பிக் கேட்ட ஒருவருக்குப் பொய் வாசித்துவிட்டுப் பிறகு அதைத் திருத்தியவர் யாரும் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டாம். கலாக்காவிடம் சொல்ல வேண்டிய முதல் வசனத்தை மட்டும் சொல்லுங்கள்.